வீடு கட்டுவோருக்கான நியூஸ்லெட்டர்: ஓப்பன் ரேட் சரிகிறது, மாதச் சந்தா நிற்க மாட்டேன் என்கிறது. உதவி தேவை

கடைக்கால் (கேட்பவர்):

வணக்கம். மதுரையில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். சொந்த வீடு கட்டுகிறவர்களுக்காக ஞாயிறுதோறும் தமிழில் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்புகிறேன். மேஸ்திரியிடம் முதலிலேயே எதையெல்லாம் பேசி முடிப்பது, எம்-சாண்டில் தூசி அதிகமா என்று பார்ப்பது எப்படி, ரூஃப் கான்கிரீட் அன்று யார் யார் சைட்டில் இருக்க வேண்டும் என்பது மாதிரி விஷயங்கள். கடைசியில் மதுரை, திருச்சி, கோவை விலைகள் அட்டவணையாக வரும். 2024 ஜூலையில் சுயசான்று முறையில் (விவரங்கள் சரி என்று நாமே சான்று தந்து) கட்டட அனுமதி வந்ததே, 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்று. அதை விளக்கி எழுதிய மடல் வாட்ஸ்அப் குழுக்களில் நன்றாகச் சுற்றியது. அப்படி வந்தவர்கள்தான் பாதிப் பேர். இப்போது பட்டியலில் 2,400 பேர்.

சிக்கல் இரண்டு. ஓப்பன் ரேட், அதாவது மடலைத் திறக்கிறவர்களின் விகிதம், 45 சதவீதத்தில் இருந்தது, இப்போது 28. மடலை விரிவாக்கி, விலைப் பட்டியலும் சேர்த்த பிறகுதான் இந்தச் சரிவு. நன்றாக எழுதினால் குறையுமா என்ன?

அடுத்தது பணம். மாதம் 149 ரூபாய் சந்தா வைத்தேன். இருபது பேர்கூடச் சேரவில்லை. அவர்களிலும் சிலருக்கு இரண்டாம் மாதமே பணம் எடுபடவில்லை, சிலர் தாங்களே நிறுத்திவிட்டார்கள். யாரும் திட்டிவிட்டுப் போகவில்லை. "மேடம், வீடு முடிஞ்சிருச்சு, ரொம்ப உதவியா இருந்துச்சு" என்று வாழ்த்திவிட்டுத்தான் போகிறார்கள்! சந்தா பட்டன் மடலின் கடைசியில், விலைப் பட்டியலுக்குக் கீழே இருக்கிறது.

நியூஸ்லெட்டர் நடத்த உதவும் சப்ஸ்டாக் தளத்துக்கு மாறினால் சரியாகுமா? ஒரு கம்பிக் கடைக்காரர் விளம்பரம் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

மடல்வண்டி:

மேடம், மற்றதற்கு முன்னால் ஒன்று. மடல் எத்தனை சொல் வரும்? பட்டியலில் ஜிமெயில் முகவரிகள் எவ்வளவு?

கடைக்கால்:

2,800, 3,000 சொல் வரும். கிட்டத்தட்ட எல்லாமே ஜிமெயில்தான்.

மடல்வண்டி:

அப்படியானால் மடல் பாதியில் வெட்டுப்படுகிறது என்றுதான் நினைக்கிறேன். ஜிமெயில் 102 கேபி வரைதான் ஒரு மடலைக் காட்டும். அதற்கு மேல் போனால் வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க ஒரு சின்ன இணைப்பை மட்டும் அடியில் வைக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதில் அவ்வளவாக மாட்டுவதில்லை. யூனிகோடில், அதாவது யூடிஎஃப்-8 முறையில், ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனிக் குறிகள்தான். "கொத்தனார்" திரையில் ஐந்து எழுத்து, கணக்கில் 9 குறி, 27 பைட். 3,000 சொல் என்றால் எழுத்து மட்டுமே 75 கேபி பக்கம் போய்விடும். அதன் மேல் டெம்ப்ளேட். அதன் மேல் உங்கள் விலை அட்டவணை. அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம், ஓரம், இடைவெளி என்று தனித்தனியாக நிரல் சேரும், அது பார்ப்பதற்குத் தெரியாமல் கனக்கும். படங்கள் இந்தக் கணக்கில் வராது, அவை வெளியிலிருந்து ஏற்றப்படுகின்றன.

வெட்டுப்பட்டால் என்ன ஆகும்? மடல் திறந்ததைப் பதிவு செய்யும் கண்ணுக்குத் தெரியாத படம் பெரும்பாலும் மடலின் அடியில்தான் இருக்கும். அது ஏறாது. வாசகர் படித்திருப்பார், உங்கள் கணக்கில் படிக்காதவராகவே நிற்பார். ஆக, 28 என்பது உண்மை எண்ணாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சந்தா பட்டனும் அதே அடியில்தான் இருக்கிறது, அது உண்மையான நஷ்டம். விலகும் இணைப்பும் அங்கேதான். விலக வழி தெரியாதவர் 'ஸ்பேம்' என்று அழுத்துவார். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுள் வைத்திருக்கும் கோடு. உங்கள் 2,400 பேரில் எட்டுப் பேர் அழுத்தினால் தாண்டிவிடும். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் முழு விதிகளும் என்றாலும், மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் இப்போதே அமைத்துவிடுவது நல்லது. டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் அரை மணி நேர வேலை.

செய்ய வேண்டியது: விலைப் பட்டியலை இணையப் பக்கமாகப் போட்டு மடலில் இணைப்பு மட்டும் கொடுங்கள். மடல் 1,200 சொல்லுக்குள் நிற்கட்டும். பட்டன் மேலே வரட்டும். அனுப்பும் முன் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி, கடைசி வரி தெரிகிறதா என்று போனில் பாருங்கள்.

கடைக்கால்:

இப்போதே போன வார மடலைத் திறந்து பார்த்தேன். கோவை விலைக்கு நடுவில் நிற்கிறது! பட்டன் யார் கண்ணிலும் படவே இல்லை போலிருக்கிறது. நன்றி. அப்படியென்றால் பட்டனை மேலே தூக்கினால் சந்தா கூடுமா?

நாலாம்பிறை:

கொஞ்சம் கூடும், ஆனால் நிற்காது. உங்கள் பதிவிலேயே காரணம் இருக்கிறது அக்கா: "வீடு முடிஞ்சிருச்சு." பங்குச்சந்தை பற்றி எழுதுகிறவருக்கு வாசகர் பத்து வருடம் இருப்பார். வீடு கட்டுகிறவர் எட்டு மாதம், ஒரு வருடம், அவ்வளவுதான். அதிலும் அவருக்கு இந்த வாரம் தேவைப்படுவது இந்த வாரக் கட்டத்துக்கான விஷயம். கடைக்கால் தோண்டிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் டைல்ஸ் பற்றி அனுப்புகிறீர்கள். பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பவருக்கு பேஸ்மட்டம் பற்றி. ஞாயிறு மடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது அகாலத்தில் போய்ச் சேருகிறது. அதற்கு மாதாமாதம் பணம் கேட்டால் எப்படிக் கொடுப்பார்கள்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மடலிலேயே ஒரு கேள்வி வைப்பேன். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்: மனை பார்க்கிறேன், அனுமதி, கடைக்கால், சுவர், ரூஃப், ஃபினிஷிங். எதை அழுத்துகிறாரோ அந்தக் கட்டத்திலிருந்து தொடர் மடல்கள் தானாகப் போகிற மாதிரி அமைக்கலாம். ஏற்கெனவே எழுதியவற்றை வரிசைப்படுத்தினாலே முக்கால்வாசி தேறிவிடும். மாவட்டத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் உதவும்.

விற்க வேண்டியது சந்தா அல்ல, ஒரு முறை வாங்கும் பொருள். எஸ்டிமேட் எக்செல், கட்டத்துக்குக் கட்டம் மேஸ்திரிக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்ற அட்டவணை, அக்ரிமென்ட் மாதிரி, சைட்டில் பார்க்க வேண்டியவற்றின் செக்லிஸ்ட். எல்லாம் ஒரே தொகுப்பாக.

ரசீதுபுத்தகம்:

பணம் எடுபடாததற்கு வேறு காரணமும் உண்டு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தொடர் கட்டணத்துக்கு முதல் முறை ஓடிபி போட்டுப் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும். கார்டு மாறியிருந்தாலும், அந்தப் பதிவு சரியாக அமையாவிட்டாலும் பணம் நின்றுவிடும். பதிந்திருந்தாலும் பாருங்கள், மாதாமாதம் "நாளை 149 ரூபாய் எடுக்கப்படும்" என்று வங்கியே நினைவூட்டிக்கொண்டிருக்கும். வீடு கட்டுகிறவன் நாலு பக்கமும் செலவில் மூழ்கியிருக்கும்போது அந்தச் செய்தி வந்தால் கை தானாக 'ரத்து' பக்கம் போகும். சின்னத் தொகை மாதச் சந்தாவுக்கு நம் ஊரில் இதுதான் பெரிய எதிரி. ஒரே தடவை யூபிஐயில் வாங்குவதற்கு இந்தத் தலைவலி இல்லை.

சப்ஸ்டாக் பற்றிக் கேட்டீர்கள். இலவச மடலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கட்டணச் சந்தா என்றால் 10 சதவீதம் அவர்கள் எடுப்பார்கள், பணம் வருவது ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாக. ஸ்ட்ரைப் 2024 மே முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் புதுக் கணக்கு என்று ஆக்கிவிட்டது. அதனால் அந்த வழி இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

ஷார்ஜா காரைக்குடி:

நான் உங்கள் மடலை வாசிக்கிறவன் இல்லை, இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிந்தது. காரைக்குடி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பார்த்துக்கொள்வது மச்சான். அவர் நல்ல மனுஷன், ஆனால் கட்டட வேலை தெரியாது. மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் பணம் அனுப்புகிறேன். எந்தக் கட்டத்தில் எந்தெந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், எது தெரிந்தால் பணம் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் இருந்தால் ஆயிரம் ரூபாய் இல்லை, அதற்கு மேலும் கொடுப்பேன் மேடம். இங்கே என் அறையில் இருக்கும் நாலு பேரில் இரண்டு பேர் ஊரில் வீடு கட்டுகிறார்கள்.

நாலாம்பிறை:

இதோ உங்கள் வாடிக்கையாளரே வந்துவிட்டார் அக்கா. சைட்டுக்குப் போக முடியாதவர்தான் இதற்குப் பணம் கொடுப்பார். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் இப்படி எத்தனை வீடு! தொகுப்பை அவரை மனதில் வைத்தே எழுதுங்கள். விலை 799, 999 என்று தயங்காமல் வையுங்கள். இருபது லட்சத்துக்கு மேல் செலவழிக்கிறவருக்கு அது ஒரு லோடு மண் விலைகூட இல்லை. 149 என்று வைத்தால்தான் சந்தேகப்படுவார்.

ரசீதுபுத்தகம்:

அமீரக எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்தலாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு 2023 தொடக்கத்தில், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ பத்து நாடுகளின் எண்களை அனுமதித்தது. அமீரகம், சிங்கப்பூர், கத்தார், சவூதி, ஓமன் எல்லாம் அதில் உண்டு. அவரவர் வங்கி அந்த வசதி தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கால்:

போட்டோ பட்டியல் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. கம்பி கட்டி முடித்ததும் அதன் அடியில் வைக்கும் கவர் பிளாக் தெரியும்படி ஒன்று, கான்கிரீட் போடும் முன் உள்ளே மறையும் கன்சீல்டு பைப் ஒன்று என்று இப்போதே மனதில் ஓடுகிறது. ஷார்ஜா நண்பரே, ரூஃப் ஆகிவிட்டதா?

ஷார்ஜா காரைக்குடி:

லிண்டல் மட்டம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் ரூஃப் என்கிறார்கள்.

கடைக்கால்:

அப்படியென்றால் ரூஃப் பகுதியை முதலில் எழுதுகிறேன், உங்களுக்குச் சும்மா அனுப்புகிறேன். பார்த்துவிட்டு மச்சானுக்குப் புரிந்ததா என்று சொல்லுங்கள், அது போதும். கம்பிக் கடை விளம்பரம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மடல்வண்டி:

வாங்கலாம். ஆட்களைச் சேர்த்துவிட்டு வருமானம் வேண்டாம் என்றால் எப்படி? ஆனால் 2,400 பேருக்கும் அவர் கடை வேண்டாம், மதுரைக்காரர்களுக்கு மட்டும் போதும். மாவட்டம் கேட்டு வைத்தால் அவர்களுக்கு மட்டும் அனுப்பி, நல்ல விலையும் கேட்கலாம். விளம்பரம் என்று மேலேயே போட்டுவிடுங்கள். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

நாலாம்பிறை:

இதில் மட்டும் மடல்வண்டியோடு ஒத்துப்போக மாட்டேன். கம்பி, சிமென்ட், எம்-சாண்ட், இந்த மூன்றிலும் காசு வாங்கக்கூடாது. எந்தக் கம்பி வாங்கலாம் என்று கேட்டுத்தான் இவரிடமே வருகிறார்கள். வாட்டர் டேங்க், சிசிடிவி, மாடுலர் கிச்சன், இன்வெர்ட்டர் என்று இவர் மதிப்பிட்டு எழுதாத பொருள்கள் எவ்வளவோ இருக்கின்றன. ஃபின்ஷாட்ஸ் என்ற நிதிச் செய்தி மடலைப் பாருங்கள், அது இலவசம். அதே ஆட்கள் டிட்டோ என்று இன்சூரன்ஸ் ஆலோசனைச் சேவையும் நடத்துகிறார்கள், வருமானத்துக்கு அது ஒரு வழி. அக்கா இன்ஜினியர். அரை மணி நேரம் வீடியோ காலில் பிளான் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம் வைத்தாலே கம்பிக் கடைக்காரர் தருவதைவிட அதிகம் வரும்.

மடல்வண்டி:

வீடியோ காலுக்குக் காசு சரிதான், ஆனால் அது மறுபடியும் அவர் நேரத்தை விற்பது. வாரத்துக்கு இத்தனை என்று வரம்பு வைக்காவிட்டால் ஞாயிறு மடலே நின்றுபோகும். நாலைந்து பேருக்கு மேல் எடுக்க வேண்டாம் மேடம்.

கடைக்கால்:

கம்பிக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வீடியோ கால் யோசனையை வரம்பு வைத்துச் செய்து பார்க்கலாம். வீடு முடித்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவா? திறக்காதவர்களில் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

நாலாம்பிறை:

எடுக்காதீர்கள்! வாரப் பட்டியலிலிருந்து மட்டும் விலக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பராமரிப்பு மடல் அனுப்புங்கள்: மழைக்கு முன் மொட்டை மாடி, டேங்க் சுத்தம், விரிசல். உங்களுக்குப் புது ஆள் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தத்தில் அடுத்து கட்டப்போகிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார், "யாரைக் கேட்டுக் கட்டினே?" என்று கேட்பார். மார்னிங் ப்ரூ என்ற அமெரிக்க மடல், நண்பர்களைச் சேர்த்துவிட்டால் ஸ்டிக்கர், கப் என்று கொடுத்தே வளர்ந்தது. நீங்கள் கப் அடிக்க வேண்டாம். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் எஸ்டிமேட் எக்செல் இலவசம் என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு வசதியாக ஒரு குட்டி இணைப்பும், இரண்டு வரி அறிமுகமும் தயாராகக் கொடுத்துவிட வேண்டும். அதை அவர்களே எழுதட்டும் என்று விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். குழுவில் இருக்கும் முகவரிகளை நீங்களாக எடுத்துச் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது, ஸ்பேம் புகார் அங்கிருந்துதான் கிளம்பும்.

கடைக்கால்:

சரி. இப்போதைக்கு வேலை வரிசை: அட்டவணை வெளியே, கட்டம் கேட்கும் மடல், ரூஃப் பகுதி. பழைய சந்தாதாரர்கள் பத்துப் பேர் இன்னும் மாதம் 149 கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? ஜிஎஸ்டியும் பார்க்க வேண்டுமா?

ரசீதுபுத்தகம்:

சேவை வருமானம் மொத்தம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. ஆனால் மடலையும் உங்கள் இன்ஜினியரிங் வருமானத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, ஒரே பான் என்பதால். ஏற்கெனவே பதிவு இருந்தால் தொகுப்பு விற்பனைக்கும் வரி போட வேண்டும், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பத்துப் பேருக்கு அடுத்த பணம் எடுபடும் முன்னால் நீங்களே சந்தாவை நிறுத்திவிட்டு, தொகுப்பு தயாரானதும் அதை இலவசமாக அனுப்புங்கள். நிறுத்தும்போது, பணம் வசூலிக்கும் கேட்வே பக்கத்தில் திட்டத்தை மட்டும் அழித்தால் போதாது, ஒவ்வொருவரின் சந்தாவையும் தனித்தனியாக ரத்து செய்ய வேண்டியிருக்கலாம். ரத்து ஆனதற்கு அவர்களுக்குச் செய்தி போனதா என்று ஒருவரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.