அப்பா நின்ற கேட் எது? மாம்பலத்துப் பழைய வீட்டை மேப்பில் தேடுகிறேன்

மாம்பலம்33:
1983-லிருந்து 1991 வரை மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் ஸ்டோர் வீட்டில் குடியிருந்தோம். ஆறு போர்ஷன், ஒரே கிணறு. போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கூகுள் மேப்ஸில் ஸ்ட்ரீட் வியூவைத் திறந்து, அயோத்தியா மண்டபத்தில் ஆரம்பித்து எங்கள் தெரு வரைக்கும் போனேன். மண்டபம் வரை எல்லாம் தெரிந்த இடம்தான், தெருவுக்குள் திரும்பியதும் ஒன்றுமே பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் அடுக்குமாடி, கீழே கார்கள். எங்கள் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு எட்டு வயது.

அப்பா 96-ல் தவறிவிட்டார். அந்த வீட்டு வாசலில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இரும்புக் கேட், ஆபீஸ் கிளம்பும் கோலத்தில் அப்பா, கையில் சைக்கிள், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, பக்கத்தில் அடிபம்பு. அவர் நின்ற இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்ட்ரீட் வியூவில் பழைய வருஷத்துப் படங்களைப் பார்க்க வழி இருக்கிறதா?

தெருசுற்றி:
வெளிநாட்டு ஊர்களில் 2007, 2008 வரைக்கும்கூடப் பின்னால் போய்ப் பார்க்கலாம், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெங்களூரில் 2011-ல் ஆரம்பித்ததைப் போலீஸ் நிறுத்திவிட்டது, 2016-ல் மத்திய அரசும் அனுமதி தரவில்லை. 2022 ஜூலையில்தான் சென்னையோடு சேர்த்துப் பத்து ஊர்களுக்கு வந்தது. அதற்கு முன்பே இடித்த வீடு அதில் கிடைக்காது.

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோ போட்டுப் பாருங்கள், இலவசம்தான். மேலே கடிகாரம் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் பழைய சாட்டிலைட் படங்கள் வரும். வாசல் தெரியாது, ஆனால் கூரை தெரியும். நீளமாக ஓட்டுக் கூரையும் நடுவில் முற்றமும் தெரிந்தால் அதுதான் ஸ்டோர். அயனாவரத்தில் எங்கள் பாட்டி வீட்டை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒரு வருஷத்துப் படத்தில் ஓடு, அடுத்த படத்தில் வெறும் மண், அதற்கடுத்ததில் மொட்டை மாடி. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

பழைய எண் 4:
சகோதரி, கதவு எண்ணில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சென்னையில் எண்களை மாற்றிய பிறகு ஒரே வாசலுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. நீங்கள் இருந்தபோது வந்த கடிதத்தில் இருப்பது பழைய எண், அதை அப்படியே மேப்பில் அடித்தால் வேறு வீட்டில் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டில் பழைய இன்லேண்டு கவர், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை ஏதாவது இருக்கிறதா என்று துழாவுங்கள். அப்புறம் ஸ்ட்ரீட் வியூவில் ஒவ்வொரு அடுக்குமாடியின் கேட்டையும் பெரிதாக்கிப் பாருங்கள், பல பேர் பெயர்ப்பலகையில் இரண்டு எண்ணையும் எழுதியிருப்பார்கள். மரங்களை நம்ப வேண்டாம், 2016 டிசம்பர் வர்தா புயலில் எத்தனையோ விழுந்துவிட்டன.

நிழல்பார்ப்பவன்:
படத்தில் நிழல் விழுகிறதா? எந்தப் பக்கம் விழுகிறது? தெரு எந்தத் திசையில் போகிறது?

மாம்பலம்33:
தெரு வடக்கு தெற்காகப் போகிறது. அப்பாவின் நிழல் அவருக்குப் பின்னால் கேட்டின் மேல் விழுகிறது. இன்னொரு நிழலும் இருக்கிறது, இத்தனை வருஷம் நான் அதைக் கவனித்ததே இல்லை. படம் எடுத்தவரின் நிழல், நீளமாக வந்து அப்பாவின் செருப்புக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. எடுத்தது யார் என்று தெரியவில்லை.

நிழல்பார்ப்பவன்:
அப்படியானால் வேலை சுலபம். ஆபீஸ் கிளம்பும் நேரம் என்றால் காலை, வெயில் கிழக்கே. எடுத்தவரின் நிழல் முன்னால் விழுகிறது என்றால் அவர் சூரியனுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நின்றிருக்கிறார். உங்கள் வீடு கிழக்குப் பார்த்த வாசல், தெருவின் மேற்கு வரிசை. எதிர் வரிசையை விட்டுவிடுங்கள், பாதித் தெரு கழிந்தது.

மாம்பலம்33:
கிடைத்துவிட்டது!! அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சித்தி எழுதிய இன்லேண்டு இருந்தது. "9, கடைசி போர்ஷன், சென்னை-33". மேற்கு வரிசையில் ஒரு கிரானைட் பலகையில் பழைய எண் 9, புதிய எண் 17. எர்த் ப்ரோவிலும் பார்த்தேன், சரியாக அந்த இடத்தில் பழைய படங்களில் நீளமான ஓட்டுக் கூரை. அந்தக் கட்டடத்தின் சுவரோரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. தலை இல்லை, கைப்பிடி இல்லை, ஆனால் எங்கள் அடிபம்புதான். அப்பா அதற்கு இடது பக்கம் இரண்டடி தள்ளி நின்றிருக்கிறார்.

அம்மாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கட்டடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படத்தை வாங்கி அந்த நிழலை விரலால் தடவிவிட்டு, "மூணாவது போர்ஷன் மாமிகிட்ட ஹாட் ஷாட் கேமரா இருந்துது, கடைசி ஒரு படம் பாக்கி இருக்கு, வேணும்னா எடுத்துக்கோன்னாங்க. அப்பாவுக்கு ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு ஒரே அவசரம். நான்தான் எடுத்தேன்" என்றாள்.