இங்கிலாந்தில் ஹை ஷெரிஃப் பதவி: ஏற்பதால் யாருக்குப் பயன்?

கேள்வி: கண்டனூர்க்காரன்

அன்பர்களுக்கு வணக்கம். என் சித்தப்பா மகள் முப்பது ஆண்டுகளுக்கு முன் மருத்துவராக இங்கிலாந்து சென்று அங்கேயே குடியமர்ந்தவள். அவள் வசிக்கும் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஹை ஷெரிஃப் பதவிக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். ஷெரிஃப் என்றதும் எங்கள் சின்னாத்தா, "குதிரையில் ஏறித் துப்பாக்கி பிடிக்கிற வேலை இந்த வயதில் எதற்கு?" என்று கேட்டுவிட்டார்கள், எல்லாம் பழைய கௌபாய் படங்கள் செய்த வேலை. சம்பளம் கிடையாது, செலவு கைப்பணம், அதிகாரமும் பெரிதாக இல்லை என்று அவளே சொல்கிறாள். அப்படியானால் வெல்வெட் உடையில் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர அதில் செய்வதற்கு என்ன இருக்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: தேவகோட்டை, தற்போது பர்மிங்காம்

ஐயா, இது நீதி, சட்டம் ஒழுங்கு தொடர்பாகக் கவுண்டியில் மன்னரின் பிரதிநிதியாக இருக்கும், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த பதவி. ஒரு காலத்தில் மன்னருக்காக வரி தண்டியவரும், குற்றவாளியைப் பிடித்தவரும், படை திரட்டியவரும் ஷெரிஃப்தான். சுதந்திரக் குடிமகனின் குதிரையையும் வண்டியையும் அவன் சம்மதமின்றி எந்த ஷெரிஃபும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனத்தில் தனியாக எழுதி வைக்கும் அளவுக்கு அவர்களுடைய கை ஓங்கியிருந்தது. படைப்பொறுப்பு டியூடர் வம்ச மன்னர் காலத்தில், கவுண்டியில் மன்னரின் இன்னொரு பிரதிநிதியான லார்ட் லெப்டினன்டிடம் போனது. பிறகு காவல்துறை வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றும் வேலையும் 2004இல் தனி அலுவலர்களிடம் சென்றுவிட்டது.

நியமன முறை மட்டும் பழைய அழகோடு இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் 12 அன்று லண்டன் நீதிமன்றத்தில் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. மார்ச் மாத வாக்கில் மன்னர் தேர்வான பெயருக்கு நேராகத் தோல் சுருளில் வெள்ளிக் குத்தூசியால் ஒரு துளையிடுகிறார். பேனா மையை அழிக்கலாம், துளையை அழிக்க முடியாது என்பது அதற்கு மக்கள் சொல்லும் காரணம். ஏப்ரலில் உறுதிமொழி எடுத்தால் ஓராண்டுப் பணி. பெண்கள் அந்தப் பாரம்பரிய உடையின் சாயலில் தங்களுக்கு ஏற்றவாறு தைத்துக்கொள்ளலாம். கட்சி அரசியலுக்கு இடமில்லை.

பயன் என்ன என்று கேட்டீர்கள். நீதிபதிகளை வரவேற்பதும் நீதிமன்றத்தில் அவர்கள் அருகே அமர்வதும் வெளியே தெரியும் பகுதி. என் கணக்கில் அதைவிடப் பெரியது, சிறைக்கும், நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கும், போதையிலிருந்து மீள்வோருக்கு உதவும் சிறு குழுக்களுக்கும், இரவில் தெருவில் தவிக்கும் இளைஞர்களைத் தேடிச் செல்லும் தன்னார்வலர்களுக்கும் நேரில் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு, நன்றி சொல்லி, பாராட்டுச் சான்று கொடுப்பது. பத்து ஆண்டுகளாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கொட்டகைக்குள் மன்னரின் பிரதிநிதி நுழைந்தால் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையும் நுழைகிறது, நன்கொடையாளரும் நுழைகிறார். அந்த உடை அதற்குத்தான். 2022 செப்டம்பரில் புதிய மன்னர் அரியணையேறிய அறிவிப்பைக் கவுண்டிகளில் வாசித்தவர்களும் ஹை ஷெரிஃப்களே.

பதில்: காரைக்குடி வழக்கறிஞர்

நம்மிடமும் ஷெரிஃப் இருந்தார். 1726ஆம் ஆண்டின் அரச சாசனத்தைத் தொடர்ந்து வந்த சென்னை ஷெரிஃப் பதவி 1998இல் ஒழிக்கப்பட்டது. பெரும்பாலும் பிரமுகர்களை வரவேற்கும் பதவியாகவே கடைசியில் சுருங்கியிருந்ததால் அதற்காக யாரும் அழுததாக நினைவில்லை. நீதித்துறைக்குப் பக்கபலமாக நிற்கும் வேலை இங்கே வேறு பெயர்களில் நடக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் மாவட்டத்திலும் வட்டத்திலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்கின் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மக்களைச் சட்ட உதவியோடு இணைக்கும், 2009இல் தொடங்கிய சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தில் வழக்கறிஞர் அல்லாதவர்களும் சேரலாம். சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு இரண்டு சமூக சேவகர்கள் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வெல்வெட் கிடையாது, கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

பதில்: பள்ளத்தூர் காரியக்காரர்

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கோயிலில் முறை வந்தவர் ஓராண்டு காரியம் பார்க்கிறார். குறைந்ததைக் கைப்பணத்தில் நிரப்புகிறார். மாலையும் பரிவட்டமும் அவருக்கு. ஆண்டு முடிந்ததும் கணக்கையும் சாவியையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோயிலில் முறை எல்லாப் புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், வரும். சம்பளமில்லாத அந்தப் பதவியோ வசதியுள்ளவரைத்தான் தேடிப் போகும். தங்கை இதை மனத்தில் கொண்டு, தம்மைப்போல் செலவழிக்க முடியாத தன்னார்வலர்களிடம் முதலில் போகட்டும்.

பதில்: தேவகோட்டை, தற்போது பர்மிங்காம்

காரியக்காரர் ஐயா சொல்வது சரி. அந்தக் குறை இங்கேயும் பேசப்படுகிறது. முன்பு நிலக்கிழார் குடும்பங்களையே சுற்றி வந்த பதவிக்கு வந்தேறிய குடும்பத்து மருத்துவர் ஒருவரைக் கேட்டிருப்பதே ஓரளவு மாற்றம்தான்.

கண்டனூர்க்காரன்

அனைவருக்கும் நன்றி. மூவரின் பதில்களையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். பெயரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள். காரியக்காரர் முறை என்றதும் சின்னாத்தாவுக்கும் விளங்கிவிட்டது. வழக்கறிஞர் ஐயா, ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான நான் அந்தத் தன்னார்வலர் பணியில் சேர விரும்புகிறேன். விண்ணப்பத்தைக் காரைக்குடியில் கொடுக்கலாமா, சிவகங்கைக்கே வர வேண்டுமா?