யு டியூப் மானோமீட்டர் பாதிதான் காட்டுது, எங்க தப்பு?

ஏர் டக்ட்ல ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரஷர் எவ்ளோ வித்தியாசம்னு பாக்க, உள்ள தெரியுற ஹோஸ யு ஷேப்ல பலகைல கட்டி தண்ணி ஊத்தி வெச்சேன். ஃபேன் போட்டதும் ஒரு பக்கம் தண்ணி சீரோ கோட்டுலேர்ந்து 12 மிமீ ஏறுது, 12ஐ 9.81ஆல பெருக்குனா 118 பாஸ்கல்தான் வருது, ஆனா டிஜிட்டல் மீட்டர் 235ன்னு சொல்லுது. ஹோஸ் சன்னமா இருக்கறதாலயா?

பதில் 1:
இன்னொரு பக்கம் 12 மிமீ இறங்கிருக்குமே, அத யாரு எண்றது? ரெண்டு மட்டத்துக்கும் நடுவுல உள்ள உயரம்தான் கணக்கு. 24 மிமீ, பெருக்கிப் பாருங்க, 235 வந்துரும். மீட்டர் மேல பழி போடாதீங்க.

பதில் 2:
அதுக்காக ஒரு பக்கம் மட்டும் பாத்து டபுள் பண்ற பழக்கமும் வேணாம், ரெண்டு கை ஹோஸும் ஒரே சைஸா இல்லன்னா ஏத்தமும் இறக்கமும் சமமா இருக்காது. ஹோஸ் சைஸ் பிரஷர மாத்தாது, ஆனா ரொம்ப சன்னமா இருந்தா தண்ணி சுவத்த புடிச்சுக்கிட்டு நகராது, ஒரு சொட்டு சோப்பு தண்ணி விட்டா சரியாகும். நடுவுல காத்துக் குமிழ் நின்னா ரீடிங்க நம்பாதீங்க. டக்ட் உள்ள ஹோஸ் முனை காத்து வர்ற பக்கம் பாத்தா 10 மீ/வி வேகத்துக்கே 60 பாஸ்கல் கூடுதலா காட்டும், அதனால முனைய சுவரோட சமமா வைங்க.

கேட்டவர்:
அட ஆமா, 24தான்! ஃபில்டர் புதுசா இருக்கப்ப மொத்தமே 4 மிமீதான் வருது, கண்ணுக்கே புடிபடல. பாதரசம் ஊத்தலாமா?

பதில் 1:
ஐயோ, நேர் எதிர்! பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், உங்க 4 மிமீ 0.3 மிமீ ஆயிடும், விஷம் வேற. அது பெரிய பிரஷருக்கு.

பலகைய பின்னாடி சாய்ங்க. 10 மிமீ நீளத்துக்கு 1 மிமீ உயரம்ங்கற சாய்வுல (5.7 டிகிரி) வெச்சா 4 மிமீ 40 மிமீ நீளமா தெரியும். சாய்ச்சதுக்கு அப்புறம் ஃபேன நிறுத்தி சீரோவ மறுபடி குறிங்க, பக்கவாட்டுல லெவல் பாருங்க. இவ்ளோ படுக்க வெச்சா சாய்வு 1 டிகிரி பிசகுனாலே ரீடிங் 15, 20 சதவீதம் ஓடிரும்.

கேட்டவர்:
கோணமானி எடுத்துட்டு வரேன், இருங்க.