குடும்ப ஜெபம்: அப்பாமாருக்கான கையேட்டுக்கு உதவி தேவை

ஸ்தோத்திரம் சகோதரர்களே. சபையின் ஆண்கள் ஐக்கியத்துக்காக, அப்பாமார் வீட்டில் குடும்ப ஜெபம் நடத்த நாலு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. மொத்தம் 15 நிமிஷம்: கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், வேதாகமத்தில் பத்துப் பன்னிரண்டு வசனம், ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம்.

வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், சம்பவங்கள் மளமளவென்று போகும். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று என்று பலர் தொடங்குவார்கள். ஆனால் 10-ஆம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் உதிரி வசனங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

அப்பா பிரசங்கம் பண்ண ஆரம்பித்தால் ஜெபம் நின்றுபோகும். அதைவிட மோசம், ஜெபத்துக்குள்ளேயே திட்டுவது: "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கக் கிருபை செய்யும்." அடுத்த நாள் பையன் ட்யூஷன் இருக்கிறது என்பான். எபேசியர் 6:4 பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பிதாக்களுக்குத்தானே சொல்கிறது!

நேரமும் சிக்கல். சாப்பிட்ட பிறகு என்றால் பிள்ளைகள் தூங்கி வழியும். முன்னால் என்றால் அம்மா அடுப்படியில் நிற்பார்; அப்பா போய்ச் சட்னி அரைத்துக் கொடுத்தால் அவரும் வந்து உட்காரலாம்.

உங்களிடம் கேட்பது மூன்று. நைட் ஷிப்ட், வெளிநாட்டு வேலை என்றிருக்கும் அப்பாமார் இதை எப்படி நடத்துகிறார்கள்? வர மறுக்கும் 14, 15 வயசுப் பிள்ளைகளிடம் எது எடுபட்டது? மாற்கு 4, 5 அதிகாரங்களுக்கு "ஆமாம், இல்லை" என்று முடியாத கேள்விகள் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.