ஸ்காட்லாந்து போனட் தொப்பி பின்னினேன், சுருங்கவே மாட்டேங்குது

ஆர்கேபுரம்_அம்மா:
டெல்லில இருக்கேன். பையன் கிளாஸ்கோல படிக்கிறான். அங்க போடுற நீலக்கலர் போனட் போட்டோ அனுப்பி, இதே மாதிரி பின்னித் தாம்மான்னான், தட்டு கவுத்த மாதிரி தட்டையா இருக்கு, உச்சியில சிவப்புக் குஞ்சம். வட்ட ஊசியில ரெண்டு வாரம் உக்காந்து பெருசா பின்னிட்டேன், சுடுதண்ணில சோப்புப் போட்டுக் கசக்கினா சுருங்கி கெட்டியாகும்னாங்க, மூணு தடவை கசக்கியாச்சு, என் கைதான் செவந்து போச்சு, தொப்பி தொளதொளன்னு காதுக்குக் கீழ வந்து நிக்குது. பேசாம அங்கயே கையால செஞ்சத வாங்கிக்கச் சொல்லிடவா? ஆனா விலை ரொம்ப இருக்கு.

லஜ்பத்நகர்_நூல்கண்டு:
அக்கா, நூல் என்னன்னு பாருங்க முதல்ல. ஆட்டுக் கம்பளி முடியில மீனுக்கு இருக்கிற மாதிரி குட்டிக் குட்டி செதில் இருக்கும், சூடு, சோப்பு, தேய்ப்பு மூணும் சேர்ந்தாதான் அது ஒண்ணோட ஒண்ணு மாட்டி இறுகும். அக்ரிலிக்ங்கிற செயற்கை நூல்ல செதிலே கிடையாது. சூப்பர்வாஷ்னு போட்ட கம்பளியும் ஆகாது, மெஷின்ல துவைக்கணும்னு செதில அடக்கி வெச்சிருப்பாங்க. நூல் ரெண்டு துண்டு எடுத்து, நுனியப் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ஈரம் பண்ணி உள்ளங்கையில வேகமா தேய்ங்க, ஒட்டிக்கிச்சுன்னா சரியான நூல்.

மயூர்விஹார்_தாத்தா:
அந்த ஊர்லயும் இதேதாம்மா பண்ணாங்க. ஏர்ஷயர்ல ஸ்டூவர்ட்டன்னு ஒரு ஊர், அதுக்குப் பேரே போனட் டவுன். பெருசா பின்னி, தண்ணில போட்டு அடிச்சு இறுக்கி, நீலச் சாயம் ஏத்தி, ஈரத்தோட அச்சுல மாட்டிக் காய வைப்பாங்க. வீட்ல அச்சுக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டு போதும். குஞ்சத்துக்கு அங்க டூரின்னு பேரு. இந்த மாதிரித் தொப்பிக்கு டாம் ஓ ஷான்டர்னும் பேரு, அது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1791ல வெளியிட்ட கவிதையில வர்ற ஆளோட பேருதான்.
வாங்கறதா இருந்தா ஒண்ணு கேளுங்க, கையால பின்னினதா, இல்ல துணிய வெட்டிக் கையால தைச்சதான்னு. ரெண்டையும் ஹேண்ட்மேட்னுதான் விப்பாங்க. முழுசும் கையால பின்னி இறுக்கினதுக்கு அந்த விலை நியாயம்தான், நீங்களே ரெண்டு வாரம் உழைச்சுப் பாத்திருக்கீங்க, அவங்ககிட்ட பேரம் பேச எனக்கு மனசு வராது.

ஆர்கேபுரம்_அம்மா:
தேய்ச்சுப் பாத்தேன், ஒட்டவே இல்ல. லேபிளத் தேடி எடுத்தா அக்ரிலிக்! கடைக்காரர் உல்லன்னு சொல்லித்தான் குடுத்தார், நானும் நம்பி வாங்கிட்டேன். ரொம்ப நன்றி தம்பி, நன்றி சார். சுத்தக் கம்பளியா வாங்கி நானே திரும்பப் பின்னப் போறேன்.

லஜ்பத்நகர்_நூல்கண்டு:
சூப்பர்க்கா. இந்தத் தடவை முதல்ல 10 செ.மீ. சதுரமா ஒரு துண்டு பின்னிக் கசக்கி அளந்துடுங்க, எவ்வளவு சுருங்குதோ அதுக்குத் தக்க லூப் கூட்டிக்கலாம்.