ஒருவர் நாலு முனை என்கிறார், இன்னொருவர் எட்டு என்கிறார்: மான் கொம்பை எப்படி எண்ணுவது?

அல்சூர்வாசி:
எனக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர்களில் இருவருக்கு வேட்டை என்றால் உயிர். நவம்பர் வந்தால் மான் படங்கள் வந்துவிடும். மொன்டானாக்காரர் தன் மானை 'நாலு முனை' என்கிறார், மிச்சிகன்காரர் 'எட்டு முனை' என்கிறார். எனக்கு இரண்டு கொம்பும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. எப்படித்தான் எண்ணுகிறார்கள்? பந்திப்பூர் மான்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா? எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துக் கடமான் கொம்பு ஒன்று மாட்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

ஜெயநகர் விலங்கியல் ஆசிரியை:
இருவர் சொல்வதும் சரிதான். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இரண்டு கொம்பின் முனைகளையும் கூட்டிச் சொல்வார்கள். மேற்கில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது வழக்கம். அதிலும் நெற்றிக்கு மேலே முளைக்கும் குட்டிக் கிளையைப் பலர் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த மொன்டானா மான் மிச்சிகன் கணக்கில் எட்டு. நெற்றிக் கிளைகளும் இருந்தால் பத்து.

ஆனால் எண்ணுவதற்கு முன் கொம்பின் அமைப்பைப் பாருங்கள். என் மாணவர்களிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். மிச்சிகன் மான் வெள்ளைவால் மான். அதற்கு ஒரே தண்டு முன்பக்கமாக வளைந்து போகும், கிளைகள் அதன்மேல் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். மொன்டானாவில் மியூல் மானும் உண்டு. அதன் தண்டே கவையாகப் பிரியும், அந்தக் கவை ஒவ்வொன்றும் மறுபடி பிரியும். இது தெரிந்தால் படத்தைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாம்.

எது முனை என்பதற்கும் விதி இருக்கிறது. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் சங்கத்தின் முறையில், குறைந்தது ஓர் அங்குல நீளம் வேண்டும், அகலத்தைவிட நீளம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெறும் புடைப்பு. தண்டின் நுனியும் ஒரு முனைதான். அப்புறம் இருபக்கமும் ஒத்துப்போகும் கொம்பு ஒரு வகை, கண்ட இடத்தில் கிளைவிட்டது வேறு வகை. வெள்ளைவால் மானுக்கு அவர்களுடைய நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெற முதல் வகைக்கு 170, இரண்டாவதற்கு 195 மதிப்பெண் தேவை. இது முனைகளின் எண்ணிக்கை அல்ல, கொம்பை அளந்து போடும் மதிப்பெண். ஈரம் வற்றினால் கொம்பு சுருங்கும் என்பதால் 60 நாள் உலர்ந்த பிறகே அளப்பார்கள்.

நம் காட்டுக்கு வருவோம். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் பக்கத்துக்கு மூன்றுதான்: நெற்றிக் கிளை ஒன்று, உச்சியில் ஒரு கவை. நன்றாக வளர்ந்த ஆணுக்கும், அதைவிட மூத்து பெருத்த ஆணுக்கும் அதே மூன்று. 'ஆறு முனைக் கடமான்' என்றால் அதிலிருந்து ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் பழைய வேட்டைப் பதிவுகளில் வெளிவளைவோடு நாடா வைத்து எடுத்த நீளத்தைத் தருகிறார்கள். மத்தியப் பிரதேசத்துக் கன்ஹா காட்டில் இருக்கும் பாரசிங்கா மானுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 முனை வரை இருக்கும், அங்கே எண்ணுவதில் பொருள் உண்டு. வெளிமானை இந்தப் பேச்சிலேயே சேர்க்காதீர்கள். அதன் கொம்பு கிளைக்காது, உதிராது.

பானஸ்வாடி ரவி:
முனைக்கு ஒரு வயது என்று எங்கள் மாமா சொல்வாரே மேடம்?

ஜெயநகர் விலங்கியல் ஆசிரியை:
பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆனால் அது உண்மையில்லை. மானுக்குப் பழைய கொம்பு உதிர்ந்து புதுக் கொம்பு முளைக்கும். அந்த முறை தீனி போதவில்லை என்றால், உடம்பு தளர்ந்துவிட்டால், கொம்பும் சிறுத்துப்போகும். வயதைப் பல் தேய்மானத்தை வைத்துக் கணிப்பதே மேல்.

உதிர்ந்த கொம்பையும் காட்டில் விட்டுவிட வேண்டும் என்று என் மாணவர்களிடம் கெஞ்சியே சொல்வேன். முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். தரையில் கிடந்ததுதானே என்று எடுத்து வந்தாலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அல்சூர்வாசி சார், தாத்தாவின் கொம்புக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டில் தேடிப் பாருங்கள். சான்றிதழே இருந்தாலும் விற்க முடியாது. சான்றிதழ் இல்லையென்றால் மல்லேஸ்வரத்தில் வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனில் விசாரியுங்கள். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சான்றிதழ் இருந்தும் வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் தாமாகவே முன்வந்து தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இழப்பீடு கிடையாது.