சடையைக் காசநோய் என்ற ஏ.ஐ.: டெக்னீஷியன் இனி என்ன படிக்கலாம்?

தென்காசிச் சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்காசிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே, சி.டி. இரண்டும் எடுக்கிற டெக்னீஷியன். ரேடியோகிராபி முடித்து ஒன்பது வருடம் ஆகிறது. கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கு முன் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சென்டரில் நெஞ்சுப் படம் பார்க்கும் ஏ.ஐ. மென்பொருள் வந்து எட்டு மாதம் ஆகிறது. படம் எடுத்த ஒரு நிமிடத்துக்குள் சந்தேகமான இடத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடும். அன்று திங்கட்கிழமை. பதினொன்றரை மணிக்குள் நாற்பது படம் தாண்டியிருந்தேன். அடுத்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம், பீடி சுற்றுகிறவர், மூன்று வாரமாக இருமல். வழக்கம்போல் தாலிப் பஞ்சாயத்து. கயிற்றில் இரண்டு ஊக்கு வேறு மாட்டியிருந்தார். கழற்ற மாட்டேன் என்றால் நான் வற்புறுத்துவதில்லை, மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொல்லிவிடுவேன். அப்படியே செய்து, தோளை முன்னால் தள்ளி நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்று எடுத்து முடித்தேன்.

தாலியைப் பார்த்த நான் சடையைப் பார்க்கவில்லை. எண்ணெய் தேய்த்து இறுகப் பின்னிய கனத்த சடை, முதுகில் வலது பக்கமாகக் கிடந்திருக்கிறது. ஏ.ஐ. வலது நுரையீரலின் உச்சியில் கட்டம் போட்டு, எண்பதுக்கு மேல் மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டது. பெரியவர்களுக்குக் காசநோய் அதிகமாகத் தெரிகிற இடமும் அதுதானே. கட்டம் விழுந்த படம் என்றால் எங்கள் சென்டரில் ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதில்லை, முன்மேசையிலிருந்தே அனுப்பிய டாக்டருக்குத் தகவல் போய்விடும். அவர் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மகளோடு திரும்பி வந்தார். சளியில் ஒன்றும் இல்லை, பிறகு படத்தில் என்ன என்று கேட்டார்கள். படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, கழுத்துச் சதை மேலேயும் ஏறிப் போகிறது. உற்றுப் பார்த்தால் பின்னலின் முறுக்குகூட வரி வரியாகத் தெரிகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் நோய் கழுத்துக்கு வெளியே போகுமா? வயிறு ஒரு நிமிடம் கலங்கிவிட்டது. சடையைத் தூக்கி உச்சியில் கொண்டை போட வைத்து, காசு வாங்காமல் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை ஏ.ஐ. கட்டமே போடவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்ப என் சடைக்குத்தான் சளி டெஸ்ட் எடுத்தீங்களா தம்பி?" என்று சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார்களாம்.

தப்பு என்னுடையது, மெஷின் மேல் பழி போட வரவில்லை. ஆனால் அது ஏன் என்னைக் கேட்கவில்லை, நான் ஏன் அதைக் கேட்கவில்லை என்பதுதான் மண்டையைக் குடைகிறது. இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பைக்கில் விழுந்த பையனுக்கு நெஞ்சுப் படம் எடுத்தேன். ஏ.ஐ. 'நார்மல்' என்றது. நுரையீரலைப் பொறுத்தவரை அது சரிதான். படத்தின் மூலையில் தோள் மூட்டு கழன்று கிடந்தது. அது பார்ப்பது நுரையீரலை மட்டும், மூலையை அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை.

இப்போது எங்கள் ஓனர், அடுத்த வருடம் ராத்திரி ஷிப்டுக்கு ஓர் ஆள் போதும் என்கிறார். "படத்தை ஏ.ஐ. பார்க்குது, ரிப்போர்ட் வெளியூரிலிருந்து வருது, பட்டனை அமுக்க எதற்கு ரெண்டு பேர்?" என்கிறார். நான் என்ன செய்யட்டும்? நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் 'மருத்துவ ஏ.ஐ.' சான்றிதழ் தருகிறார்கள். அதைப் படிக்கவா, எம்.ஆர்.ஐ. பக்கம் போகவா, இல்லை வெளிநாட்டுக்கு முயற்சி செய்யவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி ரிப்போர்ட்:

தம்பி, நான் ரேடியாலஜிஸ்ட், ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். மதுரையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ராத்திரி எட்டு முதல் காலை ஆறு வரை ஐந்து சென்டர்களுக்கு ரிப்போர்ட் பண்ணுகிறேன். நீங்கள் சொல்லும் அந்த 'வெளியூர்' என்னைப் போன்ற ஆட்கள்தான்.

முதல் விஷயம், அந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது, ஓனருக்குச் சொல்ல ஒரு கதை. 2016இல் ஜெப்ரி ஹின்டன் என்ற ஏ.ஐ. விஞ்ஞானி, இனி ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் கணினி முந்திவிடும், பத்தானாலும் ஆகலாம் என்றார். சாதாரண ஆள் இல்லை, 2024இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். அவர் சொன்ன ஐந்து வருடமும் போய் எவ்வளவோ நாளாயிற்று, எனக்கு ராத்திரித் தூக்கம் இன்னும் வாய்க்கவில்லை. ஏ.ஐ. வீண் என்று சொல்ல வரவில்லை. சுவீடனில் எண்பதாயிரம் பெண்களின் மார்பகப் படங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2023இல் முடிவு வந்தது. ஏ.ஐ. துணையோடு பார்த்தபோது புற்றுநோய் கண்டுபிடிப்பது குறையவில்லை, டாக்டர்கள் படம் பார்க்கும் வேலை மட்டும் 44 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்தையும் இரண்டு டாக்டர்கள் பார்ப்பது வழக்கம். அந்த இரண்டாவது ஆளைத்தான் பெரும்பாலும் மிச்சம் பிடித்தார்கள். நம் ஊரில் முதல் ஆளுக்கே பஞ்சம், இதில் எதை மிச்சம் பிடிப்பது?

நிஜமான தலைவலி என்ன தெரியுமா? நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வயிற்று சி.டி. வந்தது. நோயாளி விவரம் என்ற இடத்தில் 'வலி' என்று ஒரே ஒரு வார்த்தை. எங்கே வலி, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதா, ஒன்றும் இல்லை. பழைய படத்தை அனுப்புங்கள் என்றேன். டியூப்லைட்டுக்கு எதிரே பிலிமைப் பிடித்து, செல்போனில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். கல்லீரல் மேல் சீலிங் ஃபேன் நிழல் விழுந்திருந்தது. அதைப் பார்த்து, இந்தக் கட்டி வளர்ந்ததா இல்லையா என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

உங்கள் சடை விஷயத்தில், கட்டம் விழுந்த உடனே ரேடியாலஜிஸ்டைத் தாண்டிச் சீட்டுப் போனது பாருங்கள், ஓட்டை அங்கேதான். கட்டம் என்பது 'இதை முதலில் பார்' என்று வரிசையில் முன்னால் தள்ளிவிடுவதற்கு. அதுவே ரிப்போர்ட் ஆகிவிடக் கூடாது. ரிப்போர்ட்டின் கீழே இருப்பது என் பதிவு எண். நாளை கேஸ் போட்டால் மென்பொருள் கோர்ட்டுக்கு வராது, நான்தான் போக வேண்டும்.

இருட்டறைக்காரர்:

1979இல் சென்னை ஜி.எச்.சில், பர்னார்டு கதிரியக்க நிலையத்தில் தொழில் கற்றவன் நான். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. சடைக் கதையைப் படித்துச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் காலத்தில் டார்க் ரூமில் ஈர பிலிமைத் தொங்கவிட்டுச் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்க்கும்போதே சீனியர் மண்டையில் குட்டுவார்: "சடைடா, குருடா!" பூ, ஊக்கு, சட்டைப்பை பீடிக்கட்டு, வேட்டி மடிப்பில் முடிந்த சில்லறை, எல்லாவற்றுக்கும் ஒரு நிழல் உண்டு, அவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருந்தோம். கெட்டுப்போன பிலிமை எண்ணி வைப்பார்கள். மாதக் கடைசியில் யார் எத்தனை வீணடித்தார்கள் என்று கேள்வி வரும். பிலிமை ஊறவைக்கும் ஃபிக்ஸர் தண்ணீரைக்கூடக் கொட்ட மாட்டோம், அதில் இருக்கும் வெள்ளிக்காக அதை விலைக்கு வாங்க ஆள் வருவார்.

இப்போது ஒரு படம் கெட்டால் 'டெலீட்', இன்னொன்று எடுத்தால் ஆயிற்று. எத்தனை டெலீட் செய்தாய் என்று உன்னை யாராவது கேட்டதுண்டா?

மில்லிசீவர்ட்:

ஐயா சரியான இடத்தில் தொட்டுவிட்டார். நான் மருத்துவ இயற்பியலாளன், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், உடனே மாட்டிக்கொள்வீர்கள். டிஜிட்டலில் கூடினால் படம் இன்னும் பளிச்சென்று வரும். வெளிச்சத்தை மென்பொருள் சரி செய்துவிடும். குறைத்தால்தான் புள்ளி புள்ளியாக வந்து டாக்டர் திட்டுவார். அதனால் நம் கை தானாகவே மேலே மேலே போகிறது, யாருக்கும் தெரிவதில்லை. படத்துக்கு எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்ட, திரை ஓரத்தில் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். தம்பி, உண்மையைச் சொல்லுங்கள், கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள்?

சி.டி. இன்னும் மோசம். உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட்டில் அளப்போம். ஒரு நெஞ்சுப் படம் 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே. வயிற்று சி.டி. சாதாரணமாக 8 முதல் 10, கான்ட்ராஸ்ட் மருந்து போடுவதற்கு முன்னும் பின்னும் என்று இரண்டு மூன்று சுற்று எடுத்தால் அதற்கும் மேலே. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்குச் சும்மாவே வருவது ஆண்டுக்குச் சராசரி 2.4. டாக்டர் அம்மா சொன்ன அந்த வாட்ஸப் படம் இருக்கிறதே, அது சரியில்லை என்று மறுபடி ஒரு சி.டி. எடுத்தால், நோயாளிக்கு நாலு வருடத்து இயற்கைக் கதிர் ஒரே மூச்சில் போய்விடும். ஒரு சி.டி.யில் படங்களைப் பதிந்து கையில் கொடுத்திருந்தால் தேவையே இல்லை. (தட்டும் சி.டி., ஸ்கேனும் சி.டி., எழுதும்போதே குழப்புகிறது.)

சும்மா ஒரு சந்தேகம்: நீங்கள் வாங்கும் கதிரை அளக்கிற உங்கள் டி.எல்.டி. பேட்ஜ் சட்டையில் இருக்கிறதா, மேசை டிராயரில் இருக்கிறதா? கேட்கக் காரணம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளவு பார்க்கப் போகும் பேட்ஜுகளில் சில, ஈய ஏப்ரனோடு எக்ஸ்ரே அறைக்குள்ளேயே தொங்கி, ஆளை விட அதிகமாக வாங்கிக்கொண்டு வரும். அப்புறம் விசாரணை, விளக்கக் கடிதம் என்று அலைச்சல்.

லீட்ஸ் குளிர்:

நான் இங்கிலாந்தில் ரேடியோகிராபர், சொந்த ஊர் விருதுநகர். வெளிநாடு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இங்கே வேலை பார்க்க எச்.சி.பி.சி. என்ற மருத்துவத் தொழில் பதிவு அமைப்பில் பதிவு வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தையும் அனுபவத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் பழைய மதிப்பெண் சான்றிதழ், பயிற்சி மணிநேரக் கணக்கு எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு சேதி. இங்கே 1980களில் ஒரு வழக்கம் தொடங்கியது. எலும்பு முறிவு மாதிரி ஏதாவது தெரிந்தால் ரேடியோகிராபரே பிலிமில் சிவப்புப் பொட்டு ஒன்று ஒட்டி, அவசரப் பிரிவு டாக்டருக்கு அனுப்புவார். இளம் டாக்டர்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் ஏ.ஐ. போடும் சிவப்புக் கட்டத்தின் பாட்டன் அந்தப் பொட்டுதான். அதன் பிறகு மேற்படிப்பு படித்த ரேடியோகிராபர்கள் எக்ஸ்ரேக்குத் தாங்களே ரிப்போர்ட் எழுதும் அளவுக்கு வந்துவிட்டார்கள். நானும் அதைத்தான் இப்போது படிக்கிறேன். நம் ஊரில் அது நடக்காது, ரிப்போர்ட் டாக்டர்தான் தர வேண்டும். ஆனால் தோள் மூட்டைப் பார்த்த கண் உங்களுடையது, அதை யாரும் பிடுங்க முடியாது.

எம்.ஆர்.ஐ. பக்கம் போவதானால் நல்லதுதான், கதிரும் இல்லை. ஆனால் இரண்டு ஆள் வேண்டிய இடமே அதுதான், ஓனரிடம் சொல்லுங்கள். காந்தம் ராத்திரியிலும் ஓய்வதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன உறவினர் ஒருவரைக் காந்தம் சிலிண்டரோடு இழுத்து, அவர் இறந்தே போனார். வாசலில் நின்று தடுக்க ஆள் வேண்டும். அப்புறம் ஹீலியம். காந்தத்தைக் குளிர வைக்க, வழக்கமான மெஷினில் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் அளவுக்குத் திரவ ஹீலியம் இருக்கும், விலையும் அதிகம். புதிதாக ஏழு லிட்டரில் ஓடும் மூடிய காந்தங்கள் வந்துவிட்டன. சின்ன ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தால் எம்.ஆர்.ஐ. ஆட்களுக்குக் கிராக்கிதான்.

தென்காசிச் சாரல்:

எல்லாருக்கும் நன்றி. மில்லிசீவர்ட் சார், பேட்ஜ் டிராயரில்தான் இருந்தது. எடுத்துக் குத்திக்கொண்டேன். எக்ஸ்போஷர் இன்டெக்ஸையும் பார்த்தேன், இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுக்கிறேன், இன்னும் யாரும் திட்டவில்லை.

டாக்டர், நேற்று ராத்திரி வந்த வயிற்று வலிக்காரரிடம் நானே ஐந்து நிமிடம் பேசி, 'வலது அடிவயிறு, இரண்டு நாள், காய்ச்சல், வாந்தி, 2019இல் பித்தப்பை ஆபரேஷன்' என்று அடித்து அனுப்பினேன். ரிப்போர்ட் வழக்கத்தை விட அரை மணி நேரம் முன்னதாக வந்துவிட்டது. யார் பார்த்தார்களோ தெரியவில்லை, கீழே 'விவரத்துக்கு நன்றி' என்று இருந்தது. ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் முறை.

நாற்பதாயிரம் தப்பித்தது. எம்.ஆர்.ஐ.க்கு நெல்லையில் விசாரிக்கிறேன். ஓனரிடம் மும்பை சிலிண்டர் கதையைச் சொன்னேன். "நம்மகிட்டதான் எம்.ஆர்.ஐ.யே இல்லையே" என்றார். கட்டம் விழுந்த படம் ரேடியாலஜிஸ்ட் பார்க்காமல் முன்மேசையைத் தாண்டக் கூடாது என்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். எக்ஸ்ரே அறைக் கதவில் பத்து ரூபாய்க்கு வாங்கிய கொண்டை கிளிப்புகளை ஓர் அட்டையில் குத்தித் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் இரண்டு ஏற்கெனவே காணாமல் போய்விட்டது.

இருட்டறை ஐயா, பீடிக்கட்டு படத்தில் எப்படித் தெரியும்?

இருட்டறைக்காரர்:

லேசான கோடு கோடாக, ஒன்றோடொன்று ஒட்டிய குழாய்கள் மாதிரி. கீழ்ப்பக்கம் பையின் தையல் நேர்கோடாக ஓடும், அதை வைத்துப் பிடித்துவிடலாம். தீப்பெட்டியும் சேர்ந்திருந்தால் ரொம்பச் சுலபம்.